எங்க பாட்டி நிறத்துக்கு எண் கிடையாது

'உள்ளடக்கம் வலுவா இருந்தா போதும் தோழர், லைட்டெல்லாம் எதுக்கு?' என்று கேட்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கேட்பவர்கள் நம்மவர்கள். திரையிடல் நடத்துகிறவர்கள், கருத்தரங்கில் பேசுகிறவர்கள், கல்லூரிகளில் வாசகர் வட்டம் வைத்திருக்கிறவர்கள். நீலகிரித் தோட்டங்களில் நாங்கள் நாலைந்து பேர் எடுத்துவரும் வாக்குமூலப் பதிவுகளைப் பார்த்துவிட்டு இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். ஒரு தரப்பு, 'முகமே தெரியல, சப்டைட்டில் போட்டு ஒப்பேத்திடலாம்' என்கிறது. இன்னொரு தரப்பு இதைவிட மோசம். 'அந்த இருட்டுதான் விளிம்புநிலை அழகியல், அதைக் கெடுத்துடாதீங்க' என்கிறது.

இருட்டு எங்கள் அழகியல் என்று எவன் சொன்னது? லைன் வீட்டுக் காம்பரா இருட்டாக இருப்பதற்கு ஒரே ஜன்னல்தான் காரணம். புகை ஏறிய சுவர்தான் காரணம். சாயங்காலம் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் விளக்குப் போட்டால் முனகும் கரண்டுதான் காரணம். இதை அழகியல் என்று கொண்டாடுகிறவர் தன் வீட்டில் குண்டு பல்பு ஃப்யூஸ் போனால் அழகியலைக் கொண்டாடுவாரா, எலக்ட்ரீசியனைக் கூப்பிடுவாரா? தமிழ்க் கவிதையில் இருட்டுக்குக் குறைவே இல்லை (நானும் அந்த வட்டாரத்து ஆள்தான்). வயரிங் தெரிந்தவர்கள்தான் குறைவு.

ஏன் வீட்டுக்குள்ளேயே எடுக்க வேண்டும், வெளியே கொண்டுவந்து உட்கார வைத்து எடுக்கக் கூடாதா என்று ஒரு மாணவர் கேட்டார். நியாயமான கேள்வி. காலையில் மலையேறுகிற பொம்பளை கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு இறங்கும்போது சாயங்காலம். ஞாயிற்றுக்கிழமை ரேஷன், சந்தை, துணி. அப்புறம் பேசுவதற்கு இருக்கும் பொழுது இராத்திரிதான். அதைவிட முக்கியமான காரணம் பயம். வாசலில் உட்கார்ந்து சம்பளத்தைப் பற்றி, பஞ்சப்படியைப் பற்றி, மேஸ்திரியைப் பற்றி யார் பேசுவார்கள்? 'கதவச் சாத்துப்பா, ஜன்னலயும் சாத்து' என்று சொல்லிவிட்டுத்தான் வாயைத் திறக்கிறார்கள். நமக்கு வேண்டிய பேச்செல்லாம் கதவு சாத்திய பிறகு வருகிற பேச்சு.

1999 ஜூலை 23ஐ நினைத்துக்கொள்ளுங்கள். மாஞ்சோலைத் தேயிலைத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் போன ஊர்வலத்தைப் போலீஸ் அடித்துத் தாமிரபரணியில் இறக்கியது. 17 பேர் செத்தார்கள். அதை உலகம் பார்த்ததற்குக் காரணம், அது பட்டப்பகலில், வெட்டவெளியில், காமிராக்களுக்கு முன்னால் நடந்தது. ஆர்.ஆர். சீனிவாசனின் 'நதியின் மரணம்' வந்தது. சூரியன் சாட்சிக்கு விளக்குப் பிடித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர்வலத்துக்கு முன்னால் எத்தனையோ வருஷம் மாஞ்சோலை லயங்களுக்குள் நடந்ததற்கு யார் விளக்குப் பிடித்தார்கள்?

நீலகிரியிலும் அதே கதைதான். 1964ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று பிரித்தார்கள். கேட்காமல் பிரித்தார்கள். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கவென்று 1968ல் காட்டைத் திருத்தித் தேயிலை போட ஆரம்பித்ததுதான் 1976ல் டான்டீ என்ற அரசுக் கழகமானது. கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, நெல்லியாளம், கோத்தகிரி என்று போய்ப் பாருங்கள். 'சிலோன்காரங்க' என்றுதான் இன்றைக்கும் பெயர். பெரும்பகுதி பறையர், பள்ளர், சக்கிலியர். கப்பலில் வந்தபோது கையில் குழந்தையோடு இருந்தவர்களுக்கு இப்போது எண்பது வயசு. 2022ல் டான்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பித் தருவதாக அரசு முடிவெடுத்த பிறகு, ஓய்வு பெற்றவர்கள் வீட்டைக் காலி செய்யும் பேச்சு தெருவெல்லாம் ஓடுகிறது. அந்தக் கிழவிகள் போய்விட்டால் அந்தக் கப்பலும் போய்விடும். உங்களுடைய 'உள்ளடக்கம்' அப்போது எங்கே இருந்து வரும்?

இனி விளக்குக்கு வருவோம். கடையில் கிடைக்கும் வெள்ளை எல்.இ.டி. பல்பில் உள்ளது உண்மையில் நீல விளக்கு. அந்த நீலத்தைக் கண்டுபிடித்ததற்கு 2014ல் மூன்று பேருக்கு நோபல் கொடுத்தார்கள். நீலத்தின் மேல் மஞ்சள் பூச்சைத் தடவினால் கண்ணுக்கு வெள்ளை. மலிவான பூச்சில் அடர் சிவப்பு குறைச்சல். நம்ம தோலுக்கு அடியில் ஓடும் ரத்தத்தின் நிறம் அந்தச் சிவப்பில்தான் இருக்கிறது. அது இல்லாத விளக்கில் மாநிறம் சாம்பலாகிறது, கருப்பு பச்சை பாய்ந்து பிணக்களை தட்டுகிறது. 'கருப்பா இருக்கிறவங்க வீடியோவுல வர மாட்டாங்க' என்று கல்யாண ஸ்டுடியோக்காரர் சொல்வதன் ரகசியம் பாதி இதுதான்.

விளக்கு நிறத்தை எவ்வளவு ஒழுங்காகக் காட்டுகிறது என்பதற்கு உலகம் முழுக்க சி.ஆர்.ஐ. என்று ஒரு மதிப்பெண் வைத்திருக்கிறார்கள். நூற்றுக்கு எத்தனை என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். எண்பது என்றால் பாஸ் மார்க் என்று நினைத்து வாங்கிவிடுகிறோம். அந்தப் பரீட்சையில் கேட்கப்படுவது எட்டே எட்டு வெளிறிய நிறங்கள். அடர் சிவப்பு ஒன்பதாவது. ஆர்9 என்று பெயர். அது சராசரிக் கணக்கில் சேராது. ஆகவே எண்பது வாங்கிய விளக்கு சிவப்பில் சைபர் வாங்கியிருக்கலாம், சைபருக்குக் கீழேயும் போயிருக்கலாம். மொத்தம் பதினாலு நிற மாதிரிகளில் பதின்மூன்றாவது மனிதத் தோல். எந்த மனிதன்? இளமஞ்சள் கலந்த ரோஜா நிறம். வெள்ளைக்காரத் தோல். ஜப்பான்காரன் பார்த்தான், 'இது எங்க தோல் இல்லையே' என்று தன் நாட்டுத் தரத்தில் பதினைந்தாவது எண்ணைச் சேர்த்துக்கொண்டான். எங்க பாட்டி நிறத்துக்கு இன்னும் எண் கிடையாது.

இது இன்றைக்கு வந்த சூது அல்ல. ஃபிலிம் காலத்தில் கோடக் கம்பெனி லேப்களுக்கு அனுப்பிய ஷெர்லி அட்டையில் ஒரு வெள்ளைப் பெண் இருந்தாள். அவள் முகம் சரியாக வந்தால் படம் சரி. கருப்புக் குழந்தைகளின் பள்ளிக்கூடப் படங்களில் பல்லும் கண்ணும் மட்டும் தெரிந்தபோது மாற்றாதவர்கள், சாக்லேட் கம்பெனியும் மரச்சாமான் கம்பெனியும் 'எங்க சரக்கு நிறம் வரல' என்று முறையிட்ட பிறகு பழுப்பைக் கவனித்தார்கள். இதைக் கோடக்கில் வேலை பார்த்தவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். மனுசத் தோலுக்கு இல்லாத மரியாதை மேசைக்குக் கிடைத்தது.

நம்ம ஊட்டியிலேயே ஃபிலிம் செய்தார்கள் என்பது இன்றைய மாணவர்களுக்குத் தெரியுமா? இந்து நகரில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 1960ல் தொடங்கி 1967ல் உற்பத்திக்கு வந்த அரசு ஆலை. தூசில்லாத குளிர்காற்று வேண்டும் என்று இந்த மலையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஃபிலிமுக்கு மருந்து பூசுவதை இருட்டில்தான் செய்ய வேண்டும். உலகத்துக்குப் படம் காட்ட இந்த ஊர்க்காரர்கள் இருட்டில் நின்றார்கள். ஆலை மூடிப்போயிற்று. சினிமாக்காரர்கள் மட்டும் இன்னும் வருகிறார்கள். பின்னணியில் தேயிலை பச்சையாக விழுகிறது. கொழுந்து பறிக்கிறவள் ஒரு கூடையாக விழுகிறாள்.

சரி, நாங்கள் செய்த விளக்கைச் சொல்கிறேன். கை வைத்துச் செய்யக்கூடியது, இன்ஜினியரிங் எல்லாம் வேண்டாம்.

ஒரு அடிக்கு ஒரு அடி அலுமினியத் தகடு. கனமாக இருந்தால் நல்லது. அட்டையிலோ தெர்மாகோலிலோ ஒட்டாதீர்கள், சூடு இறங்க வழியில்லாமல் விளக்கு சாகும், தீயும் பிடிக்கலாம். 12 வோல்ட் எல்.இ.டி. ஸ்ட்ரிப், மீட்டருக்கு 60 விளக்கு, சுமார் 14 வாட் இழுக்கிற ரகம். கடைக்காரரிடம் சி.ஆர்.ஐ. 90க்கு மேல், ஆர்9 எவ்வளவு என்று கேளுங்கள். முழிப்பார். முழிக்கட்டும், நாலு பேர் கேட்டால் வரவழைப்பார். ஐந்து மீட்டர் சுருளில் பாதி போதும். இரண்டரை மீட்டரை 25 சென்டிமீட்டர் துண்டுகளாகப் பத்து வெட்டுங்கள். மூன்று விளக்குக்கு ஒருமுறை வெட்டுக் குறி இருக்கும், அங்கேதான் வெட்ட வேண்டும். தகட்டில் வரிசையாக ஒட்டி, பிளஸ்ஸெல்லாம் பிளஸ்ஸோடு, மைனஸெல்லாம் மைனஸோடு சால்டர் வையுங்கள். ஒன்றன் வாலில் ஒன்றாக நீளமாகக் கோத்தால் கடைசி விளக்கு மங்கும். வெட்டிய முனைகளில் செம்பு திறந்திருக்கும், அது அலுமினியத்தில் பட்டால் ஷார்ட். அதனால் முனைகளுக்கு அடியில் முதலிலேயே இன்சுலேஷன் டேப். ஐந்து ஐந்தாக இரண்டு சுவிட்ச் போட்டுக்கொண்டால் பாதி வெளிச்சம், முழு வெளிச்சம். மலிவான டிம்மர் வேண்டவே வேண்டாம். அது விளக்கை வேகமாக அணைத்து அணைத்துப் போட்டுத்தான் மங்கலாக்குகிறது. கண்ணுக்குத் தெரியாது, காமிராவில் கோடு கோடாக ஓடும்.

மொத்தம் 36 வாட், 3 ஆம்பியர். சி.சி.டி.வி.க்கு விற்கும் 12 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர் தாராளம். 100லிருந்து 240 வோல்ட் வரை என்று மேலே அச்சடித்திருப்பதை வாங்குங்கள், லயத்துக் கரண்ட் இறங்கினாலும் தாங்கும். கரண்டே இல்லாத இரவுக்கு யு.பி.எஸ். பேட்டரி, 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி. புதுசு ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் எரியும், குன்னூரில் பழைய சாமான் கடையில் நாங்கள் வாங்கியது ஒரு மணி நேரம் எரிகிறது. பேட்டரி ஒயரில் 5 ஆம்பியர் ஃப்யூஸ் கட்டாயம். சார்ஜ் ஏறும்போது விளக்கைப் போடாதீர்கள், வோல்ட் கூடிப் பொசுங்கும். தகட்டுக்கு ஒரு சாண் முன்னால் பட்டர் பேப்பரோ வெளுத்த மெல்லிய வேட்டியோ கட்டிக்கொள்ளுங்கள். எங்களுக்கு எல்லாம் சேர்ந்து இரண்டாயிரத்துக்குள் முடிந்தது. ஐந்நூறு ரூபாய்த் தாள் நல்லதா என்று பார்க்க எங்கள் வங்கிக் கவுண்டரில் தனி விளக்கு இருக்கிறது. தாளில் இருக்கிற முகத்துக்குச் செய்கிற செலவை உயிரோடு இருக்கிற முகத்துக்கும் செய்யலாம்.

விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு நேராக மூஞ்சியில் அடித்தால் போலீஸ் டார்ச்சுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? கருத்த தோலுக்கு வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியதில்லை. அந்தத் தோல் வெளிச்சத்தைப் பளபளப்பாகத் திருப்பித் தரும். கன்ன எலும்பில், நெற்றியில், மூக்குத் தண்டில் அந்த மினுக்கு விழுகிற மாதிரி பக்கவாட்டில், கிட்டத்தில், அகலமான விளக்கை வைக்க வேண்டும். பவுடர் போடச் சொல்லாதீர்கள், அது மினுக்கைக் கொன்றுவிடும். தேங்காயெண்ணெய் தடவிய முகம்தான் நமக்கு நல்லது. தூரத்தைப் பாதியாக்கினால் வெளிச்சம் நாலு மடங்கு. காம்பரா சின்னது என்பது இங்கே நமக்கு ஆதாயம். மூன்றடியில் விளக்கு நிற்கும். பின்சுவரில் வெளிச்சம் விழாமல் திருப்பிக்கொள்ளுங்கள், சுவர் வெளுத்தால் கைப்பேசி மிரண்டு முகத்தை இருட்டாக்கும். முகத்தைத் தொட்டு வெளிச்ச அளவைப் பூட்டுங்கள். ஷட்டர் வைக்க முடிந்தால் ஐம்பதில் ஒரு பங்கு. வீட்டு பல்பை அணைத்துவிடுங்கள். கண் புரை உள்ளவர்களுக்கு வெளிச்சம் குத்தும். 'ஆத்தா, கண்ணு கூசுதா?' என்று கேட்டுவிட்டு நகர்த்துங்கள்.

கைப்பேசியில் 'அழகாக்கும்' பொத்தான் ஒன்று இருக்கிறது. அதை முதலில் அணையுங்கள். நம் பையன்கள் சிலர் இதிலும் ஏமாறுகிறார்கள். நாங்கள் எடுத்த ஒரு பதிவை ஒருவர் எடிட்டிங்கில் வெளுப்பாக்கிக் கொண்டுவந்து, 'இப்பத்தான் பாட்டி லட்சணமா இருக்கு' என்றார். பாட்டிக்கு என்ன லட்சணக் குறை? கல்யாண ஆல்பத்தில் மணப்பெண்ணைச் சுண்ணாம்பு அடிக்கிற அதே வேலையை வாக்குமூலத்தில் செய்தால், பேசுகிறவளின் சாட்சியத்தை நாமே திருத்துகிறோம். இருட்டில் மறைப்பதும் வெளுப்பில் மறைப்பதும் ஒரே கைதான்.

திவ்யபாரதியின் 'கக்கூஸ்' 2017ல் வந்தது. ஆர்.பி. அமுதனின் 'பீ' 2003லேயே வந்தது. இரண்டுக்கும் எந்த முதலாளியும் விளக்குப் பிடிக்கவில்லை. பெரிய காமிரா இல்லாமல் என்ன செய்ய முடியும் என்பதை அவர்கள் காட்டியாயிற்று. காமிரா இப்போது எல்லார் சட்டைப்பையிலும் இருக்கிறது. இல்லாதது இந்தத் தகடு ஒன்றுதான்.

எங்களிடம் இரண்டு தகடு இருக்கிறது. பந்தலூர்ப் பக்கம் பார்க்க வேண்டிய லயம் மூன்று பாக்கி. அதில் ஒரு தொங்கல் காம்பராவில் இருக்கிற தாத்தாவுக்குக் காது கேட்காது, ஆனால் தலைமன்னார் என்று எழுதிக் காட்டினால் பேசுவாராம். சனிக்கிழமை இராத்திரி போகிறோம். பேட்டரி மூணு கிலோவுக்குக் கொஞ்சம் குறைச்சல், பஸ்ஸிலிருந்து இறங்கி ஏத்தம். தூக்க ஆள் வேண்டும்.