லாயருக்குப் படிக்கிற பிள்ளைக்கு என்ன குறை?

"லாயருக்குப் படிக்கிற பிள்ளைக்கு நாம் எதற்குப் பணம் கொடுக்க வேண்டும்?" ஜொகூரில் கோயில் நிர்வாகக் கூட்டமானாலும் இயக்கங்களின் கல்வி நிதிக் கூட்டமானாலும் இந்தக் கேள்வி எழுகிறது. கேட்பவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். சிறுநீரக நோயாளிக்கும் தீயில் வீடிழந்த குடும்பத்துக்கும் முதலில் பையைத் திறப்பவர்கள் அவர்கள்தாம். ஆனால் சட்டம் என்றதும் கை மடங்கிவிடுகிறது. அது வசதியானவர் வீட்டுப் படிப்பு, கறுப்புக் கோட்டு மாட்டியதும் காசு கொட்டும், இன்றைய கஷ்டத்தை நாளை அவனே ஈடுகட்டிக்கொள்வான் என்று நினைக்கிறார்கள். இந்த நினைப்பு பொய். நெருக்கடி வரும்போதெல்லாம் கரையேறும் தறுவாயில் இருக்கும் பிள்ளைகளைத் திரும்பத் தண்ணீரில் தள்ளுவது இந்த நினைப்புதான்.

யார் படிக்கிறார்கள் என்று பார்ப்போம். மாசாய், ஸ்கூடாய், கூலாய் வட்டாரங்களில் லாரி ஓட்டுநரின் மகளும் பாதுகாவலரின் மகனும் சட்டம் படிக்கப் போனார்கள் என்றால், அதற்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் கிடைத்த சம்பளம் ஒரு பெரிய காரணம். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு இங்கே ஏறக்குறைய மூன்று வெள்ளி. அப்பா விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிளை எடுத்தால் மகளின் கல்லூரித் தவணை கட்டப்பட்டது. அதை வசதி என்று சொல்ல முடியாது. ஒருவரின் உடம்பும் ஓர் எல்லைக் கதவும் தாங்கி நின்ற ஏற்பாடு அது. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது, கதவு சாத்தப்பட்டது. அதுவரை நாள்தோறும் ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் கடந்த எல்லை அது. சிலர் அங்கேயே தங்கி, சம்பளத்தில் பாதியை வாடகைக்குக் கொடுத்தார்கள். மற்றவர்கள் வேலையிழந்து வீட்டில் உட்கார்ந்தார்கள். தரைவழிப் பயணம் தடுப்பூசி போட்டவர்களுக்குத் தாராளமாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1ஆம் தேதிதான். இரண்டு ஆண்டுகள். ஒரு சட்ட மாணவியின் படிப்புக் காலத்தில் பாதி.

ஜொகூர்ப் பிள்ளை சட்டம் படிக்க ஊரைவிட்டுப் போகவும் வேண்டும். இங்கே தலைமையிடம் கொண்டுள்ள அரசுப் பல்கலைக்கழகங்களான யூ.டி.எம்., யூ.டி.எச்.எம். இரண்டும் தொழில்நுட்பம் சார்ந்தவை. கோலாலம்பூர், பாங்கி, கெடாவின் சிந்தோக் என்று எங்காவது அறை எடுக்க வேண்டும். அரசு இடம் கிடைக்காதவர்கள் தனியார் கல்லூரியில் சேர்ந்து லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிநிலைப் பட்டத்தை எழுதுகிறார்கள். பிறகு வக்கீலாகத் தகுதி தரும் சி.எல்.பி. தேர்வு. நம் பிள்ளைகள் பலர் வக்கீலானது இந்தச் சுற்றுவழியில்தான். கட்டணம் தவணையில் போகும். ஒரு தவணை தவறினால் மறுதவணை இரட்டிப்பாக வந்து நிற்கும்.

சி.எல்.பி.யைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். நன்கொடைக் கூட்டங்களில் பேசுகிற பலர் இதை அறியாமலேயே பேசுகிறார்கள். 1984இல் தொடங்கிய அந்தத் தேர்வில் ஐந்து தாள்கள். முதன்மைத் தேர்வு ஆண்டுக்கு ஒருமுறை. மொத்தம் நான்கு முயற்சிகள்தாம். பதிவுக்குக் கெடு உண்டு. அந்த வாரத்தில் கையில் காசில்லாத மாணவர் அடுத்த வாரம் கட்டிக்கொள்ள முடியாது, அடுத்த ஆண்டுதான். ஆக, அந்த வாரத்தில் காசில்லாததற்கு அபராதம் ஓர் ஆண்டு. அந்த ஓராண்டில் பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு வரும், பையன் தொழிற்சாலைக்குப் போவான், தம்பியின் படிப்பு குறுக்கே நிற்கும். திரும்பி வராதவர்களை யாரும் எண்ணுவதில்லை.

தேர்வைத் தாண்டினால் சேம்பரிங். 1976ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழில் சட்டப்படி ஒன்பது மாதம் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் பயிற்சி பெற வேண்டும். அந்த ஒன்பது மாதமும் வழக்கறிஞர் மன்றத்தின் எழுத்துப்பூர்வமான சிறப்பு அனுமதி இல்லாமல் வேறு எந்த வேலையும் பார்க்கக் கூடாது, பகுதி நேர வேலைகூட. மாஸ்டர் எனப்படும் அந்த மூத்தவர் ஊதியம் தருவதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. தந்தே ஆக வேண்டும் என்றும் சொல்லவில்லை. 2020இல் வேலையிழந்த பட்டதாரிகள் மோட்டார் சைக்கிளில் உணவு விநியோகம் செய்து வீட்டைக் காப்பாற்றினார்கள். சேம்பரிங் பிள்ளைக்கு அந்த வழியும் எளிதில் திறக்காது. உழைக்கத் தயாராக இருப்பவரின் கையைச் சட்டமே கட்டியிருக்கும்போது, "அவனுக்கு என்ன குறை" என்று கேட்பதில் நியாயம் எங்கே இருக்கிறது?

தேசிய உயர்கல்வி நிதியான பி.டி.பி.டி.என். தரும் கடன் இருக்கிறதே என்பார்கள். 1997ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான அந்த நிதி ஏராளமானவர்களைப் படிக்க வைத்தது. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அது படிப்புக்கான கடன், பருவம்தோறும் வரும். பருவத்தின் நடுவில் அப்பாவின் வேலை போவது அதன் கணக்கில் இல்லை. சேம்பரிங்கில் இருப்பவர் எந்தக் கல்லூரியின் மாணவரும் அல்லர். 2020 பிரிஹாத்தின் நிவாரணத் திட்டத்தில் உயர்கல்வி மாணவர்களுக்கு அரசாங்கம் கொடுத்தது ஒருமுறை 200 வெள்ளி. கோலாலம்பூரில் பூட்டிக் கிடந்த அறைக்கு ஒரு மாத வாடகைகூட அது ஆகாது.

2023 மார்ச் வெள்ளம் இன்னொரு பாடம். சிகாமட், லாபிஸ், யோங் பெங், பத்து பகாட் வட்டாரங்களில் வெளியேற்றப்பட்டவர்கள் 40,000 பேருக்கும் மேல். பத்து பகாட்டில் தண்ணீர் வாரக்கணக்கில் வடியவில்லை. நம் இயக்கங்கள் அரிசி கொண்டுபோயின, மெத்தை கொண்டுபோயின. செய்ய வேண்டியதைச் செய்தார்கள், அவர்களுக்குக் கைகூப்புகிறேன். நனைந்துபோன மடிக்கணினியை மட்டும் யாரும் கேட்கவில்லை. இறுதியாண்டு மாணவிக்கு அதுதான் வகுப்பறை, அதுதான் நூலகம்.

பசித்தவனுக்குப் போகவே பணம் போதவில்லை, பிறகல்லவா படிப்பு என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அரிசி மூட்டையைப் பிடுங்கிச் சட்டப் புத்தகம் வாங்கச் சொல்லவில்லை. நான் கேட்பது திருவிழா அலங்காரத்துக்கும் ஆண்டு விருந்துக்கும் போகிற பணத்தில் ஒரு சிறு பங்கு. தவிர, பசி எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அடையாளக் கார்டு இல்லாத பிள்ளை, தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பம், தடுப்புக் காவலில் இறந்த மகன் என நம்மவர் துயரங்களில் பாதி கடைசியில் நீதிமன்றப் படியில்தான் போய் நிற்கின்றன. தன் பிள்ளைகளின் மதமாற்றத்தை எதிர்த்து நம் நாட்டு இந்திரா காந்தி தொடுத்த வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் 2018 ஜனவரி 29ஆம் தேதி தீர்ப்பளிக்கும்வரை அந்தத் தாய் ஆண்டுக்கணக்கில் போராட முடிந்ததற்கு, எம். குலசேகரன் போன்ற வழக்கறிஞர்கள் உடன் நின்றது காரணம். அப்படி நிற்க நாளை யார் வருவார்? தோட்டத்துப் பிள்ளையை இடையில் விட்டுவிட்டால், தோட்டத்து வழக்கை எடுக்கத் தோட்டம் தெரிந்த வக்கீல் இருக்கமாட்டார்.

மற்ற ஊர்களில் இதைப் புரிந்துகொண்டவர்கள் உண்டு. இந்தியாவில் 2010இல் சம்நாத் பஷீர் தொடங்கிய இடியா அமைப்பு, ஏழைப் பிள்ளைகளைச் சட்டக் கல்லூரியில் சேர்த்துவிடுவதோடு நிற்காமல் படிப்பு முடியும்வரை கூட நடக்கிறது. தமிழக அரசு 2020இல் ஏழைக் குடும்பத்து இளம் வழக்கறிஞர்களுக்கு இரண்டு ஆண்டுகள் மாதம் 3,000 ரூபாய் தரும் திட்டத்தைத் தொடங்கியது. கறுப்புக் கோட்டு போட்ட பிறகும் பசி உண்டு என்று ஓர் அரசாங்கமே ஒப்புக்கொண்டதற்கு அது சாட்சி. நமக்கும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பால்மரம் வெட்டியவர்கள் தங்கள் கூலியிலிருந்து சிறுசிறு தவணையாகப் போட்ட பணம் தோட்டங்களையே வாங்கியது.

நிதி திரட்டினால் மட்டும் போதாது, கொடுக்கும் முறையும் மாற வேண்டும். சிறந்த தேர்ச்சி பெற்றவருக்குத்தான் என்று வைத்தால் அது பரிசு, அவசர உதவி ஆகாது. மூன்று மாதம் கழித்துக் கூடும் குழுவும் உதவாது, தேர்வுப் பதிவின் கெடு அதற்குள் போய்விடும். எல்லாவற்றையும்விடக் கொடியது அந்தப் பெரிய அட்டைக் காசோலையும் பத்திரிகைப் படமும். இந்தப் பிள்ளைகள் இதே ஜொகூர் நீதிமன்றங்களில், இதே ஊர்க்காரர்களுக்காக வாதாட வேண்டியவர்கள். மானத்துக்கு அஞ்சிக் கேட்காமலேயே படிப்பை விட்டவர்கள் இருக்கிறார்கள். 2021இல் உதவி கேட்டு வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டியவர்களுக்கு ஓடி ஓடிக் கொடுத்தோம். கொடி கட்டக் கூசியவரை நாம் பார்க்கவில்லை.

ஜொகூரில் தொழில் செய்யும் தமிழ் வழக்கறிஞர்களே, உங்களில் பலர் யாரோ கட்டிய கட்டணத்தில் வந்தவர்கள். ஆளுக்கு ஆண்டுக்கு ஒரு சிறு தொகை ஒதுக்குங்கள். கோயில் நிர்வாகத்தினரே, விண்ணப்பம் வந்த ஒரு வாரத்துக்குள் முடிவெடுக்க மூன்று பேர் கொண்ட குழு ஒன்றை அமையுங்கள், பெயரை வெளியிடாதீர்கள், திருப்பிக் கேட்காதீர்கள். அடுத்த சி.எல்.பி. பதிவு தொடங்குவதற்கு முன் அந்தப் பணம் தயாராக இருக்க வேண்டும்.