மர்ம நாவல்களுக்கும் ஓர் அலமாரி வேண்டும்

வெளிமாநிலத் தமிழ்ச் சங்க நூலகங்களில் மர்ம நாவல்களுக்கு இரண்டாந்தர மரியாதைதான். கல்கிக்கும் மு.வ.வுக்கும் கண்ணாடி அலமாரி. துப்பறியும் கதைகளுக்கு மூலையில் ஓர் அட்டைப்பெட்டி. "இதையெல்லாம் படித்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள்" என்று சொல்லும் பெரியவர்களும் நம்மிடையே உண்டு. எனக்கு இதில் உடன்பாடில்லை.

நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். எழுத்தைக் கண்டால் தயங்குகிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒரு பிள்ளையைப் பத்துப் பக்கம் தாண்டவைப்பது எது? நம் அறிவுரை அல்ல. அடுத்து என்ன நடக்கும் என்ற தவிப்புதான். நம்மில் எத்தனையோ பேர் தமிழ்வாணனின் சங்கர்லாலில் தொடங்கி ஜெயகாந்தனுக்குப் போனவர்கள்தானே!

அதற்காகக் கிடைத்ததையெல்லாம் வாங்கி அடுக்கச் சொல்லவில்லை. 'கொன்றவன் யார்' என்பதோடு நின்றுவிடாமல், 'அந்த மனத்துக்குள் என்ன நடந்தது' என்று கேட்கும் நாவல்களைத் தேர்ந்தெடுக்கலாம்.

முதலில் சுஜாதாவின் 'ஆ'. தலைக்குள் குரல் கேட்கும் ஓர் இளைஞனின் கதை. ஒவ்வோர் அத்தியாயமும் 'ஆ' என்றே முடியும். புத்தகத்தைக் கீழே வைக்க மனம் வராது. அடுத்து அவருடைய 'கொலையுதிர் காலம்'. நடப்பது பேயின் வேலையா, விஞ்ஞானமா என்று கணேஷும் வசந்தும் முரண்படுவார்கள். நம் பயம் எங்கிருந்து வருகிறது என்று யோசிக்க வைக்கும். தில்லியிலும் பெங்களூரிலும் வேலை பார்த்தபடியே எழுதியவர் சுஜாதா என்பது நமக்குக் கூடுதல் நெருக்கம். வசந்தின் குறும்புப் பேச்சு சிறுவர்களுக்கு ஏற்றதல்ல. பெற்றோர் முதலில் படித்துவிட்டுக் கொடுக்கலாம்.

கல்லூரி மாணவர்களுக்கு, தாஸ்தயேவ்ஸ்கி 1866-இல் எழுதிய 'குற்றமும் தண்டனையும்'. எம்.ஏ. சுசீலாவின் மொழிபெயர்ப்பில் தமிழிலேயே இருக்கிறது. முதல் பாகத்திலேயே கொலை நடந்துவிடும், கொலையாளியும் தெரிந்துவிடுவான். மீதி ஐந்து பாகங்களிலும் அவனைத் துரத்துவது போலீஸ் மட்டுமல்ல, அவன் மனமும்தான்.

ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்கு இரண்டு. டாஃப்னி டு மோரியரின் 'ரெபெக்கா' (1938): கதை சொல்லும் புது மனைவிக்குக் கடைசிவரை பெயரே கிடையாது, இறந்துபோன முதல் மனைவியின் பெயர்தான் வீடு முழுக்க. ஜப்பானிய எழுத்தாளர் கெய்கோ ஹிகாஷினோவின் 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்' (2005): கொலை செய்தது யார் என்று தொடக்கத்திலேயே தெரியும், அதை மறைக்க முன்வரும் கணித ஆசிரியரின் மனம்தான் புதிர். இவற்றைப் படித்தவர்கள் இரவுச் சாப்பாட்டின்போது தினம் கொஞ்சமாகத் தமிழில் சொல்லுங்கள். முக்கியமான இடத்தில் நிறுத்தி 'தொடரும்' போடுங்கள். கதை கேட்கும் பிள்ளை ஒருநாள் தானே புத்தகத்தைத் தேடி வரும்.

மர்மக் கதையோடு நின்றுவிட்டால் என்ன செய்வது என்று கேட்கலாம். நின்றாலும் நஷ்டமில்லை, தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவராவது மிஞ்சுவார். இன்று படிக்கப் பழகாதவர்கள் நாளை கண்ணாடி அலமாரியைத் திறக்கப்போவதில்லை. சங்கம் அடுத்த முறை புத்தகம் வாங்கும்போது இந்த நாவல்களையும் சேர்த்து, அட்டைப்பெட்டியில் போடாமல் பிள்ளைகளின் கைக்கெட்டும் தட்டில் வைக்க வேண்டும் என்று செயற்குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.