குடியானவர் பாட்டில் பிறந்த புதுமை

பழமையைப் போற்றுகிறவர் புதுமையை வெறுப்பார் என்றும், புதுமையை நாடுகிறவர் பழமையைக் கைவிடுவார் என்றும் எண்ணுவோர் எம்மிடையே பலர் உளர். சங்கீதத்தைப் பற்றிய பேச்சு எழும்போது இவ்வெண்ணம் மேலும் வலுப்பெறுகின்றது. மரபு கெட்டுவிட்டதே என்று ஒரு சாரார் வருந்துவர். மரபு எம்மைக் கட்டிப் போடுகின்றதே என்று மறு சாரார் சலித்துக் கொள்வர். இரு சாராரும் கேட்க மறந்துவிடும் கேள்வி ஒன்று உண்டு. எமது மரபு என்று நாம் கூறிக்கொள்வது உண்மையில் யாது? அதனை நாமே தேடிக் கண்டோமா, அன்றிப் பிறர் சொல்லக் கேட்டு நம்பிவிட்டோமா?

இக்கேள்வியைத் தம் வாழ்நாள் முழுவதும் விடாது கேட்ட மேல்நாட்டுச் சங்கீத மேதை ஒருவரைப் பற்றி இவ்வாரம் சிந்திப்போம். ஹங்கேரி தேசத்தவரான பேலா பார்ட்டோக் என்பாரே அவர். 1881ஆம் ஆண்டில் பிறந்து 1945ஆம் ஆண்டில் மறைந்த அவர், இருபதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய சாஸ்திரீய சங்கீதத்தின் போக்கை மாற்றியவர்களுள் முன்னணியில் நிற்பவர். அவருடைய இசையை முதன்முறை கேட்போருக்கு அது கரடுமுரடாகவும் விளங்காததாகவும் தோன்றக்கூடும். ஆயினும் அந்தப் புதுமையின் ஊற்று, எழுத்தறியாத குடியானவர் பாடிய பழம் பாட்டுக்களிலேயே இருந்தது.

பார்ட்டோக் இளைஞராக இருந்த காலத்தில் ஹங்கேரி, ஆஸ்திரியாவோடு சேர்ந்து ஹாப்ஸ்பர்க் வம்சத்தாரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. பட்டணங்களில் ஜேர்மன் மொழிக்குச் செல்வாக்கு மிகுதி. இதனைக் கண்டு கொதித்த இளைஞர் பார்ட்டோக் தேசிய உடை தரித்தார்; தம் குடும்பத்தார் தமக்குள் ஜேர்மன் மொழியில் உரையாடலாகாது என்று வற்புறுத்தினார். 1848ஆம் ஆண்டுப் புரட்சியின் தலைவரான கொஷூத் என்பவரின் பெயரால் 1903ஆம் ஆண்டில் ஒரு வாத்தியப் பேரிசையை இயற்றினார். அதில் ஆஸ்திரிய தேசிய கீதத்தைத் திரித்துக் கேலி செய்திருந்தார். மறு ஆண்டு புடாபெஸ்ற் நகரில் அது அரங்கேறியபோது பெரும் ஆரவாரம் எழுந்தது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜேர்மன் ஆதிக்கத்தை எதிர்த்து எழுந்த அந்த இசையின் நடையோ, ரிச்சர்ட் ஸ்ட்ராவுஸ் என்னும் ஜேர்மானியரின் நடையைப் பின்பற்றியது! உடையை மாற்றினார், பேச்சை மாற்றினார், ஆனால் அவர் கையாண்ட இசைமொழி இன்னும் அவருடையதாகவில்லை.

அவ்வாறாயின் ஹங்கேரிய சங்கீதம் என்று அக்காலத்தவர் எதனைக் கருதினர்? பட்டணத்து உணவுச்சாலைகளில் ரோமா இனத்து வாத்தியக் குழுவினர் உருக்கமாக வாசித்த பாட்டுக்களையே அவர்கள் அவ்வாறு கருதினர். உலகப் புகழ் பெற்ற பியானோ மேதை லிஸ்ற் தம்முடைய ஹங்கேரிய ராப்ஸடி இசைகளுக்கு அத்தகைய மெட்டுக்களையே எடுத்தாண்டார். அன்றியும், அவை ரோமா மக்களின் சொந்தச் சங்கீதமே என்று 1859ஆம் ஆண்டில் வெளியான நூலொன்றில் அவர் எழுதினார். உண்மை வேறு. அவற்றுட் பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹங்கேரிய மேற்குடியினரும் நடுத்தர வகுப்பினரும் இயற்றியவை. வாசித்தவர்களே ரோமா கலைஞர்கள். நாடு முழுவதும் தன் ஆதி மரபு என்று கொண்டாடியது ஏறக்குறைய நேற்றைய சரக்காகவே இருந்தது.

1904ஆம் ஆண்டுக் கோடைகாலத்தில் பார்ட்டோக் ஒரு கிராமப்புறத்தில் தங்கியிருந்தார். அங்கே பணிப்பெண்ணாக இருந்த லிடி டோஷா என்னும் திரான்சில்வேனிய நாட்டு இளம்பெண் பாடிய பாட்டொன்று அவர் காதில் விழுந்தது. தாம் அதுவரை அறிந்திராத பாணியில் அது அமைந்திருப்பதைக் கண்டு வியந்து, அதனை எழுதிக் கொண்டார். மறு ஆண்டு சோல்தான் கொடாய் என்னும் இசையறிஞரின் நட்பு அவருக்குக் கிட்டியது. கொடாய் அதற்கு முன்னரே கிராமங்களுக்குச் சென்று பாட்டுக்களைத் திரட்டத் தொடங்கியிருந்தார். இருவரும் சேர்ந்து 1906ஆம் ஆண்டில் இருபது நாட்டுப் பாடல்களைப் பியானோ இசையோடு ஒரு சிறு நூலாக வெளியிட்டனர்.

பாட்டுத் தேடும் வேலை எளிதானதன்று. எடிசன் கண்டுபிடித்த ஒலிப்பதிவுக் கருவியையும் மெழுகு உருளைகளையும் சுமந்துகொண்டு ஊர் ஊராகச் செல்ல வேண்டியிருந்தது. ஓர் உருளையில் சில நிமிடப் பாட்டையே பதிய முடியும். பட்டணத்துக் கனவானுக்குத் தம் பாட்டினால் ஆவதென்ன என்று கிராமத்தார் ஐயுற்றனர். பழம் பாட்டைக் கேட்டால் தேவாலயப் பாட்டைப் பாடுவதும், பட்டணத்திலிருந்து வந்த புதுப் பாட்டைப் பாடுவதுமாக முதிய பெண்கள் அவரைத் திண்டாட வைத்ததை, 1907ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கடிதத்தில் அவரே நகைச்சுவையோடு விவரித்திருக்கின்றார். பின்னர் புடாபெஸ்ற் திரும்பி, ஒவ்வொரு பதிவையும் மீண்டும் மீண்டும் கேட்டு, குரலின் சிறு அசைவையும் விடாது சுரப்படுத்தினார். இப்பணிக்கு அவர் கொடுத்த ஆண்டுகள் பல.

அவர் கண்டது யாது? திரான்சில்வேனியாவின் கிழக்கே வாழ்ந்த ஹங்கேரியரிடையே, ஐந்து சுரங்களாலான பழம் மெட்டுக்கள் வழங்கி வந்தன. கர்நாடக சங்கீதம் பயில்வோர் அந்தச் சுரங்களை எளிதில் இனங்கண்டு கொள்ளலாம். சுத்த தன்யாசி ராகத்தின் ஸ, க, ம, ப, நி என்னும் சுர ஸ்தானங்களே அவை. கமகமும் பிரயோகமும் வேறு. ஆதலால் ராகம் ஒன்றென்று கொள்ளலாகாது. மெட்டுக்கள் பல மேலே தொடங்கிப் படிப்படியாகக் கீழிறங்கி முடிந்தன. சில, தாளக்கட்டின்றிப் பேச்சின் நடையை ஒட்டிச் சென்றன. நாம் விருத்தம் பாடும் முறையை இது ஒருவாறு நினைவூட்டும்.

இப்பழமையிலிருந்து புதுமை பிறந்த விதம் மாணவர் ஊன்றிக் கவனிக்கத் தக்கது. மேல்நாட்டுச் சங்கீதத்தில் பல சுரங்களை ஒருங்கே ஒலிக்கச் செய்வது வழக்கம். அவற்றுட் சில சேர்க்கைகள் காதை உறுத்துவன. ஆதலால் அவை உடனே ஓர் இனிய சேர்க்கையில் வந்து அமைதி பெற வேண்டும் என்று பல நூற்றாண்டுகளாக விதி இருந்தது. ஆதார ஷட்ஜத்தோடு நிஷாதம் சேர்வது அவ்வாறு உறுத்துவனவற்றுள் ஒன்று. ஆனால் குடியானவர் மெட்டில் நிஷாதம் பஞ்சமத்தைப் போலவே நிமிர்ந்து நின்றது. மெட்டில் அமைதியோடு நிற்கும் சுரம் சேர்க்கையில் மட்டும் ஏன் ஓடி ஒளிய வேண்டும்? பார்ட்டோக் அதனை நிற்க விட்டார். விதியை மீறினார் என்று பட்டணத்து விமரிசகர் கூறினர். அவரோ, விதிக்கும் மூத்த ஒன்றைப் பின்பற்றியிருந்தார்.

நாட்டுப் பாடலை இயற்றுநர் எவ்வாறு கையாளலாம் என்பதை 1931ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கட்டுரையில் அவர் மூன்று நிலைகளாக வகுத்தார். மெட்டை அப்படியே எடுத்துப் பக்க இசை சேர்ப்பது முதல் நிலை. அதே சாயலில் புதிய மெட்டை ஆக்குவது இரண்டாம் நிலை. மெட்டும் இன்றி, சாயலும் இன்றி, குடியானவர் இசையின் உயிர் தானே வந்து படிந்திருப்பது மூன்றாம் நிலை. தாய்மொழியில் எழுதும் கவிஞன் ஒவ்வொரு சொல்லையும் தேடித் திரிவதில்லை அல்லவா? இசைமொழியும் அவ்வாறு இயல்பாகிவிட வேண்டும் என்பது அவர் கருத்து. 1936ஆம் ஆண்டில் அவர் இயற்றிய, தந்தி வாத்தியங்களுக்கும் கொட்டு வாத்தியங்களுக்கும் செலஸ்ராவுக்குமான இசையில் நாட்டுப் பாடல் எதுவும் இல்லை. எனினும் அந்த மண்ணின் குரலை அதில் கேட்கலாம்.

இவ்வளவோடு அவர் நின்றிருந்தால் தேசத் தொண்டர் என்ற பட்டத்தோடு சுகமாக வாழ்ந்திருப்பார். ஆனால் காது எல்லைக் கற்களை அறியாது. ஹங்கேரியர் வாழ்ந்த கிராமத்தை அடுத்து ஸ்லோவாக்கியர் கிராமமும் ருமேனியர் கிராமமும் இருந்தன. அங்கும் சென்றார், அவர்களுடைய மொழிகளையும் கற்றார். முடிவில் அவர் திரட்டிய ருமேனியப் பாடல்களின் தொகை, அவர் திரட்டிய ஹங்கேரியப் பாடல்களின் தொகையையும் மிஞ்சியது. 1913ஆம் ஆண்டில் அல்ஜீரியாவின் பிஸ்க்ரா பிரதேசத்தில் அரபு மக்களின் பாட்டைப் பதிந்தார். 1936ஆம் ஆண்டில் துருக்கிக்குச் சென்று, பழைய ஹங்கேரிய மெட்டுக்களை ஒத்த மெட்டுக்களை அங்கே கண்டு மகிழ்ந்தார். பல்கேரியரின் தாளங்களும் அவரைக் கவர்ந்தன. மாணவர்க்கென அவர் எழுதிய மிக்ரோகொஸ்மொஸ் என்னும் 153 பியானோப் பாடங்களுள் இறுதி ஆறும் அத்தாளங்களில் அமைந்தவை. அவற்றுள் ஒன்று இரண்டு, இரண்டு, மூன்று என ஏழாக எண்ணப்படுவது. மிஸ்ர சாபு பழகிய கைகளுக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

இதற்காக அவர் கொடுத்த விலை சிறிதன்று. முதலாம் உலக யுத்தத்தில் தோல்வியுற்ற ஹங்கேரி, 1920ஆம் ஆண்டு உடன்படிக்கையினால் தன் நிலப்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை இழந்தது. பார்ட்டோக் பிறந்த ஊரும் ருமேனியாவுக்குச் சென்றது. அவ்வேளையில் ருமேனியரின் இசையைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை ஒன்று வெளிவரவே, தேசத்துரோகம் என்று சொந்த நாட்டிலேயே கூக்குரல் எழுந்தது. பிற்காலத்தில் ருமேனிய அறிஞர் ஒருவரோ, இவர் ஹங்கேரியின் பக்கம் சாய்ந்து எழுதுகின்றார் என்று பழித்தார். இரு தரப்பாரும் ஒருவரையே குற்றவாளியாக்குவார்களாயின், அவர் உண்மைக்கு அருகில் நிற்கின்றார் என்று நாம் ஊகிக்கலாம்.

அவர் விடையளித்தது இசையினால். புடா, பெஸ்ற் முதலிய நகரங்கள் ஒன்றாக இணைந்த ஐம்பதாம் ஆண்டு விழாவுக்காக, 1923ஆம் ஆண்டில் அவரிடம் ஓர் இசை கேட்கப்பட்டது. அவர் அளித்த நடன வரிசையில் ஹங்கேரியச் சாயலோடு ருமேனியச் சாயலும் அரபுச் சாயலும் அடுத்தடுத்து வந்தன. தேசிய விழாவில் அண்டை அயலாரையும் மேடையேற்றிய துணிவு அது.

பின்னர் ஜேர்மனியில் ஹிட்லரின் ஆட்சி வந்தது. இசைஞர்களின் இரத்தம் இன்ன இனத்தது என்று விசாரிக்கும் படிவம் 1938ஆம் ஆண்டில் வந்தபோது, பார்ட்டோக்கும் கொடாயும் அதனை நிரப்ப மறுத்தனர். 1940ஆம் ஆண்டில் தாய்நாட்டைப் பிரியுமுன் அவர் எழுதிய மரண சாசனத்தில் ஒரு விதி உண்டு. ஹிட்லர், முசோலினி ஆகியோரின் பெயர்கள் ஹங்கேரியில் ஏதேனும் வீதிக்கோ சதுக்கத்துக்கோ இருக்கும் வரையில், தம் பெயரை அந்நாட்டில் எதற்கும் இடலாகாது என்பதே அது. 1942ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து எழுதிய கட்டுரையில், இசையில் இனத் தூய்மை என்ற ஒன்று இல்லை. மெட்டுக்கள் ஒரு மக்களிடமிருந்து மற்றொரு மக்களிடம் சென்று, மாறி, மீண்டு வருவதனாலேயே நாட்டுப் பாடல் வளம் பெற்றது என்று சான்றுகளோடு நிறுவினார்.

அவர் பார்வையிலும் குறை இல்லாமலில்லை. பட்டணத்துப் பாட்டின் மீதும், அதனை வாசித்த ரோமா கலைஞர்களின் பாணி மீதும் அவருக்கிருந்த வெறுப்பு அளவு கடந்தது எனப் பின்வந்த ஆராய்ச்சியாளர் சுட்டியுள்ளனர். பல தலைமுறையினர் மனமுருகிக் கேட்ட இசையும் ஒருவகை மரபே. அதனை ஒதுக்கியதில் அவர் நியாயம் தவறினார் என்பதை மறைப்பதற்கில்லை.

1945ஆம் ஆண்டு செப்டெம்பர் 26ஆந் திகதி பார்ட்டோக் நியூயோர்க் நகரில் காலமானார். மூன்றாவது பியானோ கொன்சேர்ட்டோவின் இறுதிப் பதினேழு அளவுகளுக்கு வாத்திய அமைப்பு எழுத அவருக்கு அவகாசம் கிடைக்கவில்லை. நண்பர் ஒருவர் அதனை நிறைவேற்றினார். 1988ஆம் ஆண்டில் அவருடைய பூதவுடல் புடாபெஸ்ற்றுக்குக் கொண்டுவரப்பட்டு அரச மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டது.

தேசிய உடை தரித்த இளைஞரை ஹங்கேரியக் கலைஞராக்கியது அந்த உடையன்று. ஒரு பணிப்பெண்ணின் பாட்டுக்குச் செவி சாய்த்த பணிவேயாகும். அப்பணிவே அவரை அயலார் வாசலுக்கும் அழைத்துச் சென்றது. மரபு என்பது வேலி கட்டிக் காக்கும் நிலமன்று; காது கொடுத்துக் கற்கும் பாடம். அவர் சுமந்து திரிந்த கருவியின் வேலையை இன்று ஒவ்வொரு வீட்டிலுமுள்ள கைத்தொலைபேசியே செய்துவிடுகின்றது. பாட்டி பாடிய தாலாட்டை ஒருமுறை பாடச் சொல்லிப் பதிந்து வைப்போமாக. அடுத்த வீட்டுப் பாட்டி வேறு மொழியில் பாடுவாராயின், அதனையும் அமர்ந்து கேட்போமாக.