கம்பெனிகள் கைகுலுக்குகின்றன, தொழிலாளிக்கு என்ன?

தினசரிப் பத்திரிகையைப் பிரித்தால் வாரம் ஒரு படமாவது கண்ணில் படுகிறது. ஒரு தேசத்து மந்திரி வந்திருக்கிறார். கூடவே கம்பெனிக்காரர்கள் பத்துப் பேர். நம் தேசத்து மந்திரியும் கம்பெனிக்காரர்களும் எதிரே நிற்கிறார்கள். கைகுலுக்குகிறார்கள், கையெழுத்திடுகிறார்கள். வியாபாரம் பெருகும், ஆலைகள் வரும், லட்சக்கணக்கில் வேலை கிடைக்கும் என்று கீழே எழுதியிருக்கிறது.

வேலை வேண்டாம் என்று எந்தத் தொழிலாளியும் சொல்ல மாட்டான். ஆலை மூடிக் கிடக்கும் ஊரில் புது ஆலை வருகிறது என்றால் யாருக்குத்தான் கசக்கும்? அந்நிய நாட்டோடு வியாபாரம் செய்வது பாவம் என்று நாமும் சொல்லவில்லை. ஆனால் புதுவைத் தொழிலாளிக்கு ஒரு கேள்வி கேட்க உரிமை உண்டு. தேசங்களுக்கிடையிலான வியாபாரத்தில் இருநூறு வருஷ அனுபவம் உள்ள ஊர் இது. அந்த அனுபவத்தை வைத்துக் கேட்கிறோம்: இந்தத் தாளில் தொழிலாளிக்கு எழுதியிருப்பது என்ன? எழுதியதை அமுல் நடத்தப் போவது யார்?

நீலத் துணியும் வேலம் பிசினும்

கினே என்று ஒரு துணி இருந்தது. பருத்தி நூலில் நெய்து, அவுரிச் சாயத்தில் முக்கியெடுத்த நீலத் துணி. புதுவையில் தயாரான இந்தத் துணியைப் பிரெஞ்சு வியாபாரிகள் கப்பலேற்றி ஆப்பிரிக்காவில் செனகல் நதிக்கரைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அதுவே பணம் போலச் செலாவணி ஆயிற்று. துணியைக் கொடுத்து வேலம் பிசின் வாங்கினார்கள். அந்தப் பிசின் ஐரோப்பாவுக்குப் போயிற்று. அங்குள்ள ஆலைகள் தங்கள் துணிக்கு விறைப்பேற்றவும் அச்சுப் பதிக்கவும் அதைப் பயன்படுத்தின.

கணக்கைப் பாருங்கள். நம் நெசவாளியின் துணியைக் கொடுத்து ஆப்பிரிக்க ஏழையிடம் பிசின் வாங்கினார்கள்; அந்தப் பிசினைக் கொண்டு ஐரோப்பிய ஆலைத் துணியை மெருகேற்றினார்கள். பிறகு பிரான்சின் ரூவான் நகர ஆலைகளே போலி கினே நெய்து நம் துணிக்குப் போட்டியாகச் செனகலுக்கு அனுப்பின. மூன்று கண்டங்களையும் இணைத்த வியாபாரம்தான்! லாபம் கப்பல்காரனுக்கும் கம்பெனிக்கும் சேர்ந்தது. நெய்தவனுக்கும் சாயம் முக்கியவனுக்கும் பிசின் பொறுக்கியவனுக்கும் மிஞ்சியது அரை வயிற்றுக் கஞ்சி.

நிலத்தில் உழைத்தவன் கதையும் வேறல்ல. தென்னாற்காட்டு மல்லாட்டை புதுவைத் துறைமுகம் வழியாக மார்சேய் நகருக்குப் போய், அங்கே எண்ணெயும் சோப்புமாக மாறியது. மல்லாட்டை பிடுங்கிய கூலியாளின் பெயர் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறவில்லை.

மனிதனை ஏற்றுமதி செய்த ஒப்பந்தம்

சரக்கோடு நிற்கவில்லை. ஆளையும் ஏற்றுமதி செய்தார்கள். பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848-ல் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்குக் கை போதவில்லை. புதுவையிலும் காரைக்காலிலும் கப்பல்கள் காத்து நின்றன. ரெயூனியன், மர்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கு நம் விவசாயக் கூலிகளை ஏற்றிப்போனார்கள். 1860-லும் 1861-லும் பிரிட்டிஷ் சர்க்காரும் பிரெஞ்சு சர்க்காரும் இதற்கென்றே ஒப்பந்தங்கள் செய்துகொண்டன. பிரிட்டிஷ் இந்தியக் கூலிகளையும் பிரெஞ்சுத் தோட்டங்களுக்குத் திரட்டிச் செல்ல அதனால் வழி திறந்தது.

அந்தத் தாளில் கூலிக்காக ஒன்றும் எழுதவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். எழுதியிருந்தார்கள்! ஐந்து வருஷ வேலை. முடிந்தால் செலவில்லாமல் ஊர் திரும்பும் உரிமை. குறைகளைக் கேட்கப் பிரிட்டிஷ் கான்சல். வாசிக்க அழகான ஷரத்துக்கள். கடலுக்கு அப்பால் நடந்தது வேறு. தோட்ட முதலாளி ஆளைப் பிடித்து வைத்துக்கொண்டான், கூலியைக் கடன் கணக்கில் கழித்தான், எதிர்த்தவனைச் சிறையில் போட்டான். நிலைமை எவ்வளவு மோசம் என்பதற்கு ஒரு சாட்சி போதும். நம்மைச் சுரண்டிய அதே பிரிட்டிஷ் சர்க்காரே 1882-ல் ரெயூனியனுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்த வேண்டி வந்தது.

ஏன் அப்படி ஆயிற்று? தாளில் ஷரத்து இருந்தது. கூலிக்குச் சங்கம் இல்லை. நான்கு பேர் சேர்ந்து நின்று "எழுதியபடி கொடு" என்று கேட்க வழியில்லாத இடத்தில் எழுத்து வெறும் மைதான்.

இரண்டு தேசத்தின் பெயர் தாங்கிய ஆலை

1898-ல் புதுவையில் ரோடியர் மில் வந்தது. கம்பெனிக்கு ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் என்று பெயர். பெயர்ப் பலகையிலேயே இரண்டு தேசங்கள் கைகோத்து நின்றன. நூற்றவனும் நெய்தவனும் தமிழன். அவனுக்குப் பலகையிலும் இடமில்லை, சட்டத்திலும் இடமில்லை. பக்கத்துப் பிரிட்டிஷ் எல்லையில் பெயரளவுக்காவது இருந்த தொழிற்சாலைச் சட்டம், பிரெஞ்சுக் கொடி பறந்த இந்த மண்ணில் செல்லாது. எல்லைக் கோடு முதலாளிக்குத் திறந்த கதவு. தொழிலாளிக்கு அடைத்த சுவர்!

சவானா, ரோடியர், கெப்ளே என்று மூன்று ஆலைகளிலும் தொழிலாளிகள் 1930-களில் தலைநிமிர்ந்தார்கள். தோழர் வ. சுப்பையா அவர்களைத் திரட்டினார். எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் கேட்டார்கள்.

1936 ஜூன் மாதம் பாரிசில் மக்கள் முன்னணி சர்க்கார் பதவியேறியது. பிரான்சுத் தொழிலாளிக்கு வாரம் நாற்பது மணி நேர வேலை என்று அதே மாதம் சட்டமாயிற்று. அடுத்த மாதம், ஜூலை 30-ம் தேதி, அதே பிரெஞ்சுக் கொடியின் கீழ் புதுவையில் என்ன நடந்தது? வேலை நிறுத்தம் செய்த சவானா மில் தொழிலாளிகள் மீது துப்பாக்கிச் சூடு. பன்னிரண்டு தோழர்கள் உயிர் நீத்தார்கள். பிரான்சில் இருப்பவனுக்குச் சட்டம். புதுவையில் இருப்பவனுக்குக் குண்டு!

அந்த ரத்தம் வீண் போகவில்லை. புதுவைச் செய்தி பாரிஸ் வரை போயிற்று. 1937 ஏப்ரல் 6-ல் பிரெஞ்சிந்தியாவுக்கான தொழிலாளர் சட்ட ஆணை பிறந்தது. எட்டு மணி நேர வேலை புதுவையில் சட்டமாயிற்று. சங்கத்துக்கு உரிமை கிடைத்தது.

இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கரும்புத் தோட்டக் கூலிக்குத் தாள் இருந்தது, சங்கம் இல்லை, தாள் செத்துப்போயிற்று. ஆலைத் தொழிலாளிக்குத் தாள் இல்லை, சங்கம் இருந்தது. சங்கம் தாளை எழுத வைத்தது.

இன்றைய தாளில் என்ன எழுதியிருக்கிறது?

இனி இன்றைய ஒப்பந்தங்களைப் புரட்டுவோம். சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் என்ற நான்கு நாடுகளோடு 2024 மார்ச் 10-ல் இந்திய சர்க்கார் வியாபார ஒப்பந்தம் செய்தது. 2025 அக்டோபர் 1 முதல் அது அமுலுக்கு வந்தது. பதினைந்து வருஷத்தில் 10,000 கோடி டாலர் மூலதனம், 10 லட்சம் வேலை என்பது அதில் சொல்லும் இலக்கு. பிரிட்டனோடு 2025 ஜூலை 24-ல் இன்னொரு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

இவற்றிலும் தொழிலாளர் நலன் பற்றிய பகுதி உண்டு. வாசிக்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். நான்கு நாடுகளிடமிருந்து சொன்னபடி மூலதனம் வராவிட்டால், பேச்சு வார்த்தைகளுக்குப் பிறகு, தான் கொடுத்த சுங்கச் சலுகையை இந்தியா திரும்பப் பெற ஒப்பந்தத்திலேயே வழி வைத்திருக்கிறார்கள். தொழிலாளர் பகுதியை மீறினால்? இரண்டு சர்க்காரும் உட்கார்ந்து பேசலாம். அவ்வளவுதான். ஒப்பந்தத் தகராறுகளைத் தீர்க்கும் மன்றத்துக்கு அதைக் கொண்டுபோக முடியாது. பிரிட்டனோடு செய்த ஒப்பந்தத்திலும் தொழிலாளர் பகுதிக்கு இதே கதிதான். பணத்துக்குப் பல்லுள்ள ஷரத்து. தொழிலாளிக்குப் பொக்கை வாய் ஷரத்து! 1861-ம் வருஷத் தாளுக்கும் இந்தத் தாளுக்கும் நடுவே வருஷம்தான் அதிகம்; தூரம் அதிகமில்லை.

"வேலை கொடுக்க வருகிறவனிடம் முதலிலேயே நிபந்தனை பேசினால் வேறு ஊருக்குப் போய்விடுவான்" என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். பசித்த வயிற்றிலிருந்து வருகிற பயம் அது. அதை நாம் கேலி செய்யவில்லை. ஆனால் நிபந்தனை பேசாத ஊரில் அவன் நிலைத்து நிற்பான் என்று யார் உத்தரவாதம் கொடுத்தார்கள்? மலிவான உழைப்பை மட்டும் தேடி வந்தவன், அதைவிட மலிவான இடம் கண்டால் மூட்டை கட்டுவான். பேசாமல் குனிந்தவனுக்கும் வேலை போகும். குனிந்த முதுகு மட்டும் மிச்சம்.

பக்கத்துத் தமிழ்நாட்டு அனுபவம் கண்முன்னே இருக்கிறது. 2023 ஏப்ரல் 21-ல் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடம் கொடுக்கும் மசோதாவைச் சட்டசபையில் நிறைவேற்றினார்கள். அந்நியக் கம்பெனிகள் இப்படித்தான் எதிர்பார்க்கின்றன என்று காரணமும் சொன்னார்கள். எல்லாத் தொழிற்சங்கங்களும், ஆளும் அணியைச் சேர்ந்த கட்சிகளும்கூட, ஒரே குரலில் எதிர்த்தன. மூன்றே நாளில் மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று வாபஸ் என்ற அறிவிப்பு வந்தது. அதனால் ஆலை எதுவும் கப்பலேறி ஓடிவிடவில்லை.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் சாம்சங் ஆலைத் தொழிலாளிகள் 2024 செப்டம்பர் 9-ல் வேலை நிறுத்தம் தொடங்கினார்கள். சங்கத்தைப் பதிவு செய், சங்கத்தோடு பேசு என்பது தலையாய கோரிக்கை. 37 நாள் நின்றார்கள். 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று. கொரியாக் கம்பெனி நம் நாட்டுக்கு வரலாம், ஆனால் நம் நாட்டுச் சங்கம் அதன் வாசலுக்குள் வரக்கூடாதா? அந்தக் கேள்விக்குத் தொழிலாளிகளே பதில் எழுதினார்கள்.

மூடிய கதவுகள் முன்னால்

நம் ஊர் ஆலைகள் எங்கே? சவானா சுதேசி மில் ஆயிற்று. கெப்ளே பாரதி மில் ஆயிற்று. 1980-களில் ரோடியரைக் கம்பெனி கைவிட்டபோது, தொழிலாளிகள் போராடி சர்க்காரை ஏற்க வைத்தார்கள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தது. ரோடியர் ஆலை சேதப்பட்டது. புயல் ஒருநாள் அடித்து ஓய்ந்தது. அதன் பிறகு புது இயந்திரத்துக்குப் பணம் இல்லை என்ற புயல் பல வருஷம் அடித்தது. 2020-ல் மூன்று ஆலைகளையும் மூடினார்கள். 122 வருஷம் ஓடிய ரோடியர் மில்லில் சங்கு ஊதுவது நின்றது.

அந்நியக் கம்பெனிக்குச் சலுகை கொடுக்கச் சர்க்காரிடம் பணம் உண்டு. சொந்த ஆலையின் தறியைப் புதுப்பிக்கப் பணம் இல்லையாம்! 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அமுலாகியிருக்கின்றன. நூறு பேர் வேலை செய்யும் ஆலையை மூடுவதற்கே முன்பு சர்க்கார் அனுமதி வேண்டும். இப்போது முந்நூறு பேருக்குக் குறைந்தால் அனுமதியே வேண்டாம். சின்ன ஆலைகள் நிறைந்த புதுவைக்கு இதன் பொருள் என்ன என்று விளக்க வேண்டுமா?

ஆகவே நாம் கேட்பது இது:

ஒன்று: அந்நியக் கம்பெனியானாலும் உள்நாட்டுக் கம்பெனியானாலும், சர்க்காரின் நிலமோ சலுகையோ பெறும் ஆலையில் எட்டு மணி வேலை, நிரந்தர வேலை, சங்க அங்கீகாரம் மூன்றும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். மீறினால் சலுகை பறிபோக வேண்டும்.

இரண்டு: தேசங்களுக்கிடையிலான வியாபார ஒப்பந்தங்களில் மூலதனத்துக்குள்ள அதே பலம் தொழிலாளர் பகுதிக்கும் வேண்டும்.

மூன்று: ஒப்பந்தம் பேசும் மேஜையில் தொழிற்சங்கப் பிரதிநிதிக்கும் விவசாயத் தொழிலாளர் பிரதிநிதிக்கும் நாற்காலி வேண்டும். கையெழுத்தான பிறகு பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்வதற்கு நாம் என்ன வேடிக்கை பார்க்கிறவர்களா?

நான்கு: மூடிய மூன்று ஆலைகளின் நிலத்தில் எது வந்தாலும், அந்த ஆலைத் தொழிலாளிகளின் குடும்பங்களுக்கு முதல் வேலை வேண்டும்.

கேட்டவுடன் கொடுத்துவிடுவார்கள் என்று நாம் கனவு காணவில்லை. 1936-லும் யாரும் கேட்டவுடன் கொடுக்கவில்லை. கம்பெனிக்காரர்கள் தேச எல்லை தாண்டிச் சேர்ந்து நிற்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். நூற்பாலையில் நிற்பவனும், நாற்று நடுபவளும், காண்டிராக்ட்டில் தினக்கூலிக்குப் போகும் இளைஞனும் ஒரு தெரு எல்லையையாவது தாண்டிச் சேர வேண்டாமா?

ஒப்பந்தத்தில் கையெழுத்து இருவருடையது. அதன்படி வேர்வை சிந்தப் போகிறவர்கள் நாம். மூன்றாவது கையெழுத்து நம்முடையது என்று சொல்லச் சங்கத்தில் சேருங்கள், தோழர்களே!