ஆவாரைக்கு ஒரு ஓரம் குடுங்க மக்கா!

தூத்துக்குடியில புதுசா வீடு கட்டுறவங்க மொதல்ல செய்யுற காரியம், மனையில தானா முளைச்சு நிக்கிற ஆவாரையை ஜேசிபி வச்சு வழிச்செடுக்கிறது. அடுத்தது, நர்சரியில குரோட்டன்ஸும் புல்தரையும் வாங்கிப் போடுறது. கோடை வந்தா அதுக்கு ஊத்த லாரித் தண்ணி! என்ன கணக்கு இது?

நம்ம பக்கம் மழைன்னா ஐப்பசி, கார்த்திகைதான். மத்த மாசமெல்லாம் வெயில்ல ஒருத்தரும் தண்ணி ஊத்தாமலே வருசக்கணக்கா நின்னு மஞ்சளாப் பூக்குற செடி ஆவாரை. குறிஞ்சிப்பாட்டுல கபிலர் அடுக்குற பூக்கள்ல இதுவும் ஒண்ணு. பனைமடல்ல குதிரை செஞ்சு மடலேறுன சங்ககாலக் காதலனுக்கும் ஆவிரை மாலைதான். தெலங்கானாக்காரங்க 'தங்கேடு'ன்னு மாநிலப் பூவாவே வச்சுட்டாங்க. நாம போகிக்குக் காப்புக் கட்ட மட்டும், சிறுபீளையோட சேர்த்துக் காசு குடுத்து வாங்குறோம்.

புதரா மண்டும்னு சொல்லுவீங்க. உண்மைதான். பூத்து முடிஞ்சதும் கவாத்து பண்ணுனா அடங்கி நிக்கும்.

வளர்க்கிறதும் லேசு. காய்ஞ்ச காயை உடைச்சு, விதையைச் சுடுதண்ணியில போட்டு ராத்திரி ஊற வைங்க. தோல் கெட்டி, அதான். நட்ட இடத்துலேயே விட்டுடுங்க, பிடுங்கி மாத்தாதீங்க. மொதல் வருசம் மட்டும் கொஞ்சம் தண்ணி.

'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ'ன்னு பெருமையாச் சொல்றோம். சரி, அது பூக்க நம்ம வீட்டுல ஒரு ஓரமாவது வேணாமா?