பள்ளி வாசலில் புகையிலைச் சரம் வேண்டாம்

பிள்ளையார்பாளையத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, தறிக்காரத் தோழர்களே!

பட்டும் சரிகையும் இருக்கிற இடத்தில் பீடி பற்றவைக்க முடியாது. குழித்தறியில் விடிய உட்கார்ந்தால் இருட்டும் வரை வேலை. அசதி தெரியாமலிருக்க நம்மில் பலர் ஹான்ஸ் புகையிலையை உதட்டுக்குள் ஒதுக்கிப் பழகிவிட்டோம். இன்று பள்ளி விட்டு வரும் பையனின் சட்டைப் பையிலும் அந்தப் பொட்டலம் இருக்கிறது.

நம் காஞ்சிபுரம் அண்ணா பிறந்த ஊர். 1969 பிப்ரவரி 3 அன்று அவரைப் புற்றுநோய் கொண்டுபோனது. அவர் பெயரில் காரைப்பேட்டையில் இயங்கும் அரசு புற்றுநோய் மருத்துவமனை வாசலில் ஒரு காலைப் பொழுது நின்று பாருங்கள். வாயைத் துண்டால் பொத்தியபடி வருகிறவர்களைக் காண்பீர்கள்.

சட்டம் இருக்கிறது. பள்ளி, கல்லூரியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது, 18 வயது ஆகாதவருக்கு எங்குமே விற்கக் கூடாது என்கிறது 2003-ஆம் ஆண்டுச் சட்டம். குட்காவுக்குத் தமிழகத்தில் 2013 முதல் தடை. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்ய, ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது.

இந்தத் தடைகள் தாமாக வந்துவிடவில்லை. மும்பை டாடா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள், தாடை எடுக்கப்பட்ட நோயாளிகளோடு சேர்ந்து ஆட்சியாளர்களின் கதவைத் தட்டினார்கள். 2012 ஏப்ரல் 1 முதல் மத்தியப் பிரதேசம் குட்காவைத் தடை செய்தது. அடுத்தடுத்துப் பல மாநிலங்கள் வந்தன. புள்ளிவிவரத்தைவிட அந்த முகங்களே அதிகம் பேசின என்பது எங்கள் எண்ணம்.

எதிரே இருப்பவருக்கு வேண்டியதை எடுத்து வைப்பது பட்டு விற்கும் நமக்குப் புதிதல்ல. முகூர்த்தப் புடவைக்கு வந்தவரிடம் முகூர்த்தப் புடவையைத்தான் விரிப்போம். அதுபோலவே, கவுன்சிலரிடம் நிக்கோட்டின் பற்றிப் பேசுவதைவிட, அவர் வார்டுப் பள்ளியைச் சுற்றி எந்தக் கடை எத்தனை அடியில் இருக்கிறது என்று வரைந்த ஒரு தாளை முன்னால் வைப்போம். கடைக்காரரும் நம் தெருக்காரர்தான். அவரிடம் பாவ புண்ணியம் பேச வேண்டாம். புகையிலைப் பொட்டலச் சரம் இறங்கிய இடத்தில் எதைத் தொங்கவிட்டால் வியாபாரம் குறையாது என்று சேர்ந்து யோசிப்போம். வாய்ப்புண்ணிலிருந்து மீண்ட நெசவாளர்கள் மனமிருந்தால் முன்னே வந்து பேசட்டும். யாரையும் வற்புறுத்த மாட்டோம்.

மாநகராட்சியிடம் நாம் கேட்பது இதுதான். புகையிலை விற்கும் கடைக்குத் தனி உரிமம் வேண்டும். அந்தக் கடையில் மிட்டாயும் பிஸ்கட்டும் விற்கக் கூடாது. 2017-இல் ஒன்றிய சுகாதார அமைச்சகமே மாநிலங்களுக்கு இப்படித்தான் எழுதியது. காஞ்சிபுரம் மாநகராட்சி இதைத் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும்.

அடுத்த பகுதி சபைக் கூட்டத்துக்கு வீட்டுக்கு ஒருவர் வாருங்கள். அரை நாள் கூலி போகும். தெரிந்தேதான் கேட்கிறோம்.

இப்படிக்கு,
பிள்ளையார்பாளையம் நெசவாளர்கள், பெற்றோர்கள், ஆசிரியர்கள்