வீங்கியது விண்மீனா, கணக்கா?

பெங்களூரின் விவேக் நகரில் கன்னடம் கலந்து பேசப்படும் தமிழைக் கேட்டு, "இது சிதைந்த தமிழ்" என்று ஒருவர் தீர்ப்பளித்தால், மொழியியல் முதலாண்டு மாணவர்கூட மறுத்துரைப்பார். வழக்கைக் கண்ட பின்னரே இலக்கணம். இலக்கணத்துக்குள் அடங்காத வழக்கு அதனாலேயே பிழையாகிவிடாது. ஆனால் வானியற்பியலில், அத்துறைக்குரிய தேசிய நிறுவனம் விவேக் நகருக்குத் தெற்கே கோரமங்கலாவில்தான் இருக்கிறது, இதே வகைத் தீர்ப்பு உலகெங்கும் வழங்கப்படுகிறது. யாரும் முகம் சுளிப்பதில்லை.

சிவப்புக் குறுமீன்களின் ஆரம் "வீங்கியிருக்கிறது" என்பதே அத்தீர்ப்பு. எதனோடு ஒப்பிட்டு வீக்கம்? கணினியில் கட்டிய கோட்பாட்டு மாதிரியோடு.

அளவீடு நடக்கும் முறையைப் பார்த்தால் இச்சொல்லின் அநீதி விளங்கும். நெருங்கிச் சுற்றும் இரு குறுமீன்கள் புவியிலிருந்து நோக்கும் கோட்டில் ஒன்றையொன்று மறைக்கும்போது ஒளி குறைகிறது. அம்மறைப்பின் கால அளவும் வடிவமும், சுற்றுப்பாதையோடு ஒப்பிட ஒவ்வொரு மீனும் எவ்வளவு பெரியது என்பதையும், பாதையின் சாய்வையும் சொல்லிவிடுகின்றன. நிறமாலைக் கோடுகளின் டாப்ளர் பெயர்ச்சி வேகத்தைத் தருகிறது. இரண்டையும் இணைத்தால் நிறையும் ஆரமும் கிட்டும். விண்மீனின் உள்ளே என்ன நிகழ்கிறது என்னும் கோட்பாட்டுக்கு இங்கே வேலையே இல்லை.

புனர்பூசத்தின் ஒரு மீனான காஸ்டர், உண்மையில் ஆறு விண்மீன்களின் கூட்டம். அதிலுள்ள ஒய்.ஒய். ஜெமினோரம் என்னும் இணை சுமார் 19.5 மணி நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கிறது; ஒவ்வொன்றின் நிறையும் சூரியனின் 0.6 மடங்கு. 2002இல் டோரஸும் ரிபாஸும் அதை ஆராய்ந்தபோது, மாதிரிகள் ஆரத்தை 20 விழுக்காடு வரை குறைத்துக் கணித்திருந்தது தெரிந்தது. சி.எம். டிராகோனிஸ் இணையின் ஆரங்கள் ஒரு விழுக்காட்டுக்கும் குறைந்த பிழையோடு அளக்கப்பட்டவை. அங்கும் இடைவெளி ஏறத்தாழ 5 விழுக்காடு.

எதிர்த்தரப்பின் வாதம் வலுவற்றதன்று. நெருங்கிய இணைகளை அலைவிசை பூட்டிவிடுகிறது. அவை விரைந்து சுழல்கின்றன. வலுத்த காந்தப்புலம் வெப்பச்சலனத்தைத் தடுக்க, விண்மீன் விரிகிறது என்கிறார்கள். கரும்புள்ளிகள் ஒளிவரைபைக் கோணலாக்கி அளவீட்டையே சற்று ஏமாற்றக்கூடும் என்பதும் மெய். ஆயினும் 2011இல் அறிவிக்கப்பட்ட ஓர் இணையின் சுற்றுக்காலம் 41 நாள். அலைவிசை பூட்ட முடியாத அத்தொலைவிலும் ஆரங்களின் கூட்டுத்தொகை மாதிரியை ஏறத்தாழ 4 விழுக்காடு விஞ்சி நின்றது. அதற்கும் "வீக்கம்" என்றே பெயர்.

இது வெறும் சொற்சண்டை அன்று. குறுமீன்களைச் சுற்றும் கோள்களின் அளவு, தாய்மீனின் ஆரத்தைக் கொண்டே கணிக்கப்படுகிறது. மாதிரியை நம்பி ஆரத்தை 5 விழுக்காடு குறைத்துக்கொண்டால், கோளின் நிறை மாறாதபோது அதன் அடர்த்தி சுமார் 17 விழுக்காடு மிகையாகும். நீர் செறிந்த கோள் பாறையாகப் பதிவாக அதுவே போதும்.

"வீங்கிய ஆரம்" என்பதற்கு மாற்றாக "மாதிரி குறைத்துக் கணித்த ஆரம்" என்று எழுதினால் ஆய்வேட்டில் இரண்டு சொல் கூடும், அவ்வளவே.